கூரை யார் பெயரில்? கோலாலம்பூர் வீட்டு நெருக்கடியும் பெண்களும் திருநங்கைகளும்

வீட்டு நெருக்கடி என்றதும் பேச்சு நேரே விலைக்குப் போய்விடுகிறது. செந்தூலில் பழைய பிளாட் என்ன விலைக்குக் கைமாறுகிறது, கெரிஞ்சியில் புதிதாக எழும்பிய கொண்டோவில் வாடகை எவ்வளவு, வங்கி எவ்வளவு கடன் தரும். கோலாலம்பூரில் நாலு தமிழர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் இந்தக் கணக்கு எப்படியும் வந்துவிடும். தேவையான கணக்குதான். ஆனால் அதில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. அந்த வீட்டுக்குள் இருப்பவர்களில், நாளைக்கும் அங்கேயே இருக்க உரிமை உள்ளவர் யார்? கணவர் "வெளியே போ" என்று கத்தினால் யார் பையைத் தூக்குகிறார்? "இந்தக் கோலத்தில் என் வீட்டில் இருக்காதே" என்று அப்பா சொன்னால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

பெண்களையும் திருநங்கைகளையும் வீட்டு நெருக்கடி எப்படித் தாக்குகிறது என்பதற்கு விடை பெரும்பாலும் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. அவர்களில் பலருக்குத் தலைக்கு மேல் இருக்கும் கூரை இன்னொருவரோடு உள்ள உறவால் கிடைத்தது. உறவு முறிந்தால் கூரையும் போய்விடும். வீட்டு விலையும் வாடகையும் ஏற ஏற, மோசமான உறவிலிருந்து வெளியே வரும் வழி அடைபட்டுக்கொண்டே போகிறது. பொருளாதாரமும் சட்டமும் படிக்காதவர்களுக்கும் புரியும்படி இதை அடியிலிருந்து பார்க்கலாம்.

விலையை எப்படி அளக்கிறார்கள்?

ஓர் ஊரில் வீடு வாங்கக்கூடிய விலையில் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எளிய முறை ஒன்று உண்டு. விற்கும் வீடுகளை விலைவாரியாக வரிசைப்படுத்தி நடுவில் வரும் வீட்டின் விலையை எடுக்கிறார்கள். அதேபோல் குடும்பங்களை வரிசைப்படுத்தி நடுவில் வரும் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தை எடுக்கிறார்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை 3 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். அதாவது வீட்டின் விலை குடும்பத்தின் மூன்று ஆண்டு வருமானத்துக்குள் அடங்க வேண்டும். கசானா ஆய்வுக் கழகம் 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2014இல் மலேசியா முழுவதற்கும் இந்த எண் 4.4. கோலாலம்பூருக்கு 5.4. 5க்கு மேல் போனாலே மிகக் கடுமையான நிலை என்று கணக்கு.

நல்ல அளவுகோல்தான். ஆனால் அது குடும்பத்தை ஒரே ஆளாக எடுத்துக்கொள்கிறது. உள்ளே யார் சம்பாதிக்கிறார், காசு யார் கையில் இருக்கிறது, நாளைக்குப் பிரிந்தால் யாருக்கு என்ன மிஞ்சும் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது. மலேசியாவில் வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 83 பேர் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். பெண்களில் சுமார் 56 பேர்தான். மீதிப் பெண்கள் சும்மா இருக்கிறார்கள் என்று யாரும் நினைக்கவேண்டாம். பிள்ளைகளையும் படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரையும் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார்கள், பூக் கட்டுகிறார்கள், காலையில் நாசி லெமாக் பொட்டலம் போட்டுக் கொடுக்கிறார்கள், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள். இதில் வருவதற்குச் சம்பளச் சீட்டு கிடையாது, இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதி கிடையாது. வங்கியின் கண்ணில் அவர்களுக்கு வருமானமே இல்லை.

சம்பளச் சீட்டு உள்ள ஒரு பெண்ணையே எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் துப்புரவு வேலை, 2025இலிருந்து உள்ள குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி (ரிங்கிட்). இபிஎஃப் 11 விழுக்காடு போனால் கையில் சுமார் 1,500. சம்பளத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்குப் போகக்கூடாது என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் 510 வெள்ளி. அந்தக் காசுக்குக் கோலாலம்பூரில் பிறரோடு பங்கிட்டுக்கொள்ளும் வீட்டில் ஓர் அறை கிடைக்கலாம். வீடு கிடைக்காது. மாதம் 1,200 வெள்ளிக்குச் சின்ன பிளாட் ஒன்று அமைந்தாலும் சாவி வாங்கும் நாளில் இரண்டு மாத முன்பணம் 2,400, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத முன்பணம் 600, முதல் மாத வாடகை 1,200 என்று 4,200 வெள்ளியை ஒரே கையாகக் கொடுக்க வேண்டும். கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பளம். கணவனுக்குத் தெரியாமல், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பதென்றால் எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இருவர் சம்பளத்தில் அந்தக் குடும்பம் ஒப்பேற்றிக்கொண்டிருக்கும். புள்ளிவிவரத்தில் அது வீட்டுப் பிரச்சினை இல்லாத குடும்பம். அந்தப் பெண் தனியாக நின்றால் அன்றே வீடில்லாதவள்.

தோட்டத்திலிருந்து கூடவே வந்தது

நம் சமூகத்தில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், வீடு வேலையோடு சேர்ந்து வந்தது. வேலை போனால் வீடும் போகும். பால்மரம் வெட்டியதிலும் களை பிடுங்கியதிலும் பெண்களின் உழைப்பு ஆண்களுக்குக் குறைந்ததல்ல. ஆனாலும் குடும்பத் தலைவர் என்று கணக்கில் எழுதப்பட்டவர் ஆண். அவர் இறந்தாலோ, வேலையிலிருந்து நின்றாலோ, குடும்பத்தில் இன்னொருவர் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுத்தால்தான் அந்தக் கூரை தங்கும். பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் இருந்த ரயில்வே குவாட்டர்ஸிலும் இதே கதைதான். ஓய்வுபெற்றதும் காலி செய்ய வேண்டும்.

தலைநகரைச் சுற்றியிருந்த தோட்டங்கள் வீடமைப்புக்கும் நெடுஞ்சாலைக்கும் கைமாறியபோது பலர் புறம்போக்கு நிலத்திலும் ரூமா பாஞ்சாங் எனும் நீள்வீடுகளிலும் குடியேறினார்கள். அங்கிருந்து பிபிஆர் எனும் அரசாங்க மலிவு வாடகை அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். பினாங்கில் கம்போங் புவா பாலா 2009இல் இடிக்கப்பட்டபோது மாடும் கன்றுமாகத் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் வீட்டோடு பிழைப்பையும் இழந்ததை மறக்க முடியாது. அந்த இழப்பில் பெண்களின் பங்கு பெரிது என்பது என் கருத்து. தரையோடு இருந்த வீட்டில் வாசல் இருந்தது. கோழி வளர்த்தார்கள், பின்கட்டில் பலகாரம் சுட்டு விற்றார்கள், பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். பதினேழாவது மாடிக்குப் போனதும் அந்தச் சில்லறை வருமானமும் அந்த அக்காவும் இல்லாமல் போனார்கள்.

பிபிஆர் வீட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மாதம் 124 வெள்ளி வாடகைக்கு மூன்று அறை கொண்ட வீடு கோலாலம்பூரில் வேறெங்கும் கிடைக்காது. அது இல்லையென்றால் நம்மில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றிருக்கும். ஆனால் அதிலும் வாடகைதாரர் என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் பெரும்பாலும் கணவருடையது. அவர் விட்டுவிட்டுப் போய்விட்டால் மனைவி அந்த வீட்டில் இருக்கும் உரிமையைக் காகிதத்தில் நிறுவ வேண்டும். திருமணச் சான்றிதழ், விவாகரத்து ஆணை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் என்று ஒவ்வொன்றாகத் தேடி, வேலைக்கு லீவு போட்டு, முகப்புக்கு முகப்பு ஏறி இறங்க வேண்டும்.

சொந்த வீடானாலும் பெயர்ப் பிரச்சினை தீராது. கணவன் சம்பளத்தில் வங்கித் தவணை, மனைவி சம்பளத்தில் சாப்பாடு, பள்ளிச் செலவு, மின்கட்டணம் என்று பல வீடுகளில் பிரித்துக்கொள்வார்கள். பார்க்க நியாயமான ஏற்பாடு. இருபது வருடம் கழித்துப் பார்த்தால் அவர் கட்டியதற்குப் பத்திரம் இருக்கும். அவள் கட்டியதற்கு ஒரு ரசீதும் இருக்காது. உயில் எழுதாமல் அவர் இறந்துபோனால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி, பிள்ளைகளும் அவருடைய பெற்றோரும் உயிரோடு இருந்தால், மனைவிக்குக் கால் பங்கு. பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. வீடு முழுக்கத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு, துக்கம் ஆறுவதற்குள் இது தெரியவரும்.

விவாகரத்து வழக்கில் நிலைமை முன்பைவிடப் பரவாயில்லை. 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 76ஆம் பிரிவின்படி சொத்தைப் பிரிக்கும்போது, வீட்டையும் குடும்பத்தையும் பராமரித்த உழைப்பையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இதற்குத் திருமணம் பதிவாகியிருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஐந்நூறு பேருக்கு விருந்து போட்டு, பதிவு மட்டும் செய்யாமல் விட்ட திருமணங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட பெண்ணுக்கு இந்தக் கதவு திறப்பது கடினம்.

வெளியேற முடியாத வீடு

அடி விழும் வீட்டில் ஏன் இருக்கிறாய், வந்துவிடவேண்டியதுதானே என்று சொல்வது சுலபம். வந்து எங்கே தங்குவது என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டிலேயே இருங்கள் என்றபோது, சிலருக்கு வீடுதான் ஆபத்தான இடம் என்பது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அந்த ஆபத்து அதற்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சட்ட விஷயம் உண்டு. 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கும்போது, இருவரும் வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் கொடுக்க முடியும். வீடு அடித்தவர் பெயரில் இருந்தாலும் முடியும். அதாவது அடி வாங்கியவள்தான் பையைத் தூக்க வேண்டும் என்பது சட்டத்தின் விதி அல்ல. இன்னொன்று, கோயிலில் சடங்கு மட்டும் நடந்து பதிவாகாத திருமணம் என்றாலும் இந்தச் சட்டத்தின் பார்வையில் அவள் மனைவிதான். சொத்துப் பிரிவினையில் மூடியிருக்கும் கதவு பாதுகாப்பு விஷயத்தில் திறந்திருக்கிறது. 2017இல் செய்த திருத்தத்தால், நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்காமல், சமூக நல அதிகாரியே ஏழு நாளுக்குச் செல்லுபடியாகும் அவசரப் பாதுகாப்பு ஆணையைத் தரவும் வழி உண்டு.

ஆனால் கதவுக்கு வெளியே கோபத்தோடு நிற்கும் ஆளைக் காகிதம் மட்டும் நிறுத்திவிடாது. அதனால் பலர் காப்பகத்துக்குப் போகிறார்கள். 1982இல் தொடங்கிய மகளிர் உதவி அமைப்பு கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கிலும், 1985இல் தொடங்கிய பினாங்கு மகளிர் மாற்ற மையமும் இந்தப் பெண்களுக்குத் துணை நிற்கின்றன. காப்பகம் உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் அது சில வாரம், சில மாதம் தங்கும் இடம். அதற்கு அப்புறம்?

இங்கேதான் வீட்டு நெருக்கடி முழுப் பலத்தோடு மோதுகிறது. மலிவு விலை வீட்டுக்கு விண்ணப்பித்தால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வேறு வீடு இருக்கக்கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. விவாகரத்து முடியாதவரை அவன் வீடு அவள் கணக்கிலும் வருகிறது. வருமானமும் குடும்ப வருமானமாகவே பார்க்கப்படுகிறது. வங்கிக் கடனில் அவள் பெயரும் சேர்ந்திருந்தால், அந்த வீட்டில் கால் வைக்க முடியாத நிலையிலும் கடனில் அவளுக்குப் பொறுப்பு உண்டு. புதுக் கடன் கேட்டால் பழைய கடனைக் காட்டி வங்கி மறுக்கும். முதல் வீடு வாங்குபவர்களுக்கான சலுகைகளும் கிடைக்காது. அவன் விற்கவும் கையெழுத்துப் போடமாட்டான், தவணையும் ஒழுங்காகக் கட்டமாட்டான். அடியிலிருந்து தப்பி வந்தவளை அந்த வீட்டுக் கடன் வருடக்கணக்கில் துரத்தும். திரும்பிப் போய்விடும் பெண்களைப் பற்றிக் கேலியாகப் பேசுபவர்களிடம் இந்த ஒரு பத்தியையாவது படித்துக்காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்ணில் படாத வீடின்மை

வீடற்றவர் என்றதும் மஸ்ஜித் இந்தியா, புடு பக்கம் கடையோரத்தில் அட்டை விரித்துப் படுத்திருக்கும் ஆண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். தெருவில் படுப்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அவள் தெருவுக்கு வருவதில்லை. தங்கச்சி வீட்டு ஹாலில் படுக்கிறாள்.

அந்த ஹாலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். எழுநூறு சதுர அடி வீட்டில் தங்கச்சி, அவள் கணவர், மூன்று பிள்ளைகள், மாமியார். மச்சான் டிவியை நிறுத்தினால்தான் அக்காவும் அவள் இரண்டு பிள்ளைகளும் பாயை விரிக்க முடியும். விடியுமுன் எழுந்து பாயைச் சுருட்டிவிட வேண்டும். துணிமணி எல்லாம் சோபாவுக்குப் பின்னால் மூன்று பிளாஸ்டிக் பைகளில். குளியலறைக்கு வரிசை. பிள்ளை சத்தம் போட்டால் வாயைப் பொத்துகிறாள். வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்கிறாள், சுமையாக இருக்கிறாள் என்ற பேச்சு வந்துவிடக்கூடாதே என்று. மின்கட்டண ரசீது வேறொருவர் பெயரில் இருப்பதால் பள்ளி மாற்றத்துக்கு முகவரிச் சான்று காட்ட முடியவில்லை. மூன்று மாதம் போனதும் மச்சான் முகம் மாறும். அடுத்து அண்ணன் வீடு, பிறகு தோழி வீடு.

இவளை யாரும் வீடற்றவர் என்று எண்ணுவதில்லை. இதை மறைமுக வீடின்மை என்பார்கள். பெண்களின் வீடின்மை பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கிறது. கணக்கெடுப்பு தெருவோடு நின்றுவிட்டால், திட்டமும் தெருவில் இருப்பவர்களுக்காகவே தீட்டப்படும். முதலாளி வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் வீட்டுப் பணிப்பெண்களும் இதே கணக்கில் சேர வேண்டியவர்கள். வேலையை விட்ட அன்றே அவர்களுக்குப் படுக்க இடமில்லை.

"பெண்கள் மட்டும், சமைக்கக்கூடாது"

எல்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கும் அறை வாடகை விளம்பரங்களை நின்று வாசித்திருக்கிறீர்களா? பிலிக் செவா, பெரெம்புவான் சஹாஜா, தாக் போலே மாசாக். அறை வாடகைக்கு, பெண்கள் மட்டும், சமையல் கூடாது. பெண்களுக்குச் சாதகமான விளம்பரம் போலத் தெரியும். அவர்கள் தேடுவது வேலைக்குப் போய்விட்டு இரவில் வந்து படுக்கும், பிள்ளை குட்டி இல்லாத இளம்பெண்ணை. தனித்து வாழும் தாய்க்கு அந்த அறை கிடையாது. கிடைத்தாலும் அடுப்பு இல்லாத அறையில் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் வெளியே வாங்கிக் கொடுக்க வேண்டும். வாடகையில் மிச்சப்படுத்தியது சாப்பாட்டில் போய்விடும்.

இதற்கு மேல் இனம். இந்தியர்களுக்கு வாடகைக்குத் தரமாட்டோம் என்று வெளிப்படையாக எழுதிய விளம்பரங்கள் இந்த நாட்டில் புதிதல்ல. போனில் மலாயில் பேசியபோது இருந்த வீடு, முகத்தைப் பார்த்ததும் "நேற்றே போய்விட்டது" என்று ஆகிவிடும். தமிழர், பெண், கணவர் இல்லை, கூடவே இரண்டு பிள்ளை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கதவு மூடும்.

சட்டம் இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். அரசமைப்புச் சட்டத்தின் 8(2) பிரிவில் 2001ஆம் ஆண்டு பாலினம் என்ற சொல்லும் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்தப் பிரிவு சட்டங்களையும் அரசாங்க அமைப்புகளையும் கட்டுப்படுத்துகிறது. தனியார் வீட்டுக்காரர் யாருக்கு வாடகைக்கு விடுகிறார் என்பதில் அது தலையிடாது. குடியிருப்பு வாடகைக்கென்றே ஒரு தனிச்சட்டம் கொண்டுவரும் பேச்சு பல வருடமாக நடக்கிறது. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு முடிவுக்கு வந்துவிட்டது. பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்த ஏராளமான குடும்பங்கள் அப்போது வெளியேற நேர்ந்தது.

வாடகைக்கு இருப்பவருக்கு ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1950ஆம் ஆண்டு குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி, வாடகைக்காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவரை நீதிமன்ற ஆணை இல்லாமல் வீட்டுக்காரர் வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவதும் சாமானைத் தூக்கி வெளியே போடுவதும் சட்டப்படி செய்யும் வேலை அல்ல. இதற்கு ஒப்பந்தம் கையில் இருப்பது பெரிய பலம். முத்திரைக் கட்டணம் கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

திருநங்கைகளும் திருநம்பிகளும்

இதுவரை சொன்ன ஒவ்வொன்றும் திருநங்கைகளுக்கு இன்னும் ஒரு படி கடினம். பலருக்கு வீட்டு நெருக்கடி பதினைந்து பதினாறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது, பெற்ற வீட்டிலிருந்தே. அடித்துத் திருத்தப் பார்ப்பார்கள், முடியை வெட்டுவார்கள், கடைசியில் வெளியே போ என்பார்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்கூட முடிக்காத பிள்ளை கட்டிய துணியோடு நகரத்துக்குப் பஸ் ஏறுகிறது. படிப்பு பாதியில் நின்றதால் நல்ல வேலை இல்லை. வேலை இல்லாததால் வாடகை இல்லை.

அப்புறம் ஐசி. மலேசிய அடையாள அட்டையின் கடைசி எண் ஒற்றைப்படையாக இருந்தால் ஆண், இரட்டைப்படையாக இருந்தால் பெண். அதை மாற்றுவது இந்த நாட்டில் அநேகமாக நடக்காத காரியம். வாடகை ஒப்பந்தத்தில் ஐசி எண்ணும் பெயரும் எழுத வேண்டும். சேலை கட்டி, பொட்டு வைத்து, மரியாதையாகப் பேசி, வாடகைக்கு ஒத்துக்கொண்ட வீட்டுக்காரர் ஐசியைக் கையில் வாங்கியதும் முகம் மாறுகிறார். ஒவ்வொரு முறையும், தன் வாழ்க்கையிலேயே மிக அந்தரங்கமான விஷயத்தை முன்பின் தெரியாத ஆளுக்கு விளக்கினால்தான் ஓர் அறை கிடைக்கும் என்ற நிலை எவ்வளவு கொடுமை! அதனால் பலர் வேறொருவர் பெயரில் வீடெடுக்கிறார்கள். அல்லது சௌகிட், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நாள் வாடகைக்கு அறை எடுக்கிறார்கள். நாள் வாடகைக்கு முன்பணமும் இல்லை, கேள்வியும் இல்லை. ஆனால் முப்பது நாளைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பிளாட் வாடகையைத் தாண்டிவிடும். வறுமையில் இருப்பவர்தான் ஒரே கூரைக்கு அதிக விலை கொடுக்கிறார். ஒப்பந்தம் இல்லாததால், நான் மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பைக் கேட்டு நிற்பதும் கடினம். போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுக்கும் துணிவும் வருவதில்லை, தன்மீதே வழக்குத் திரும்பிவிடுமோ என்ற பயத்தில்.

இந்தச் சூழ்நிலையில் அவர்களைக் காப்பாற்றியது அவர்களே கட்டிய குடும்பம். மூத்த திருநங்கை அம்மா ஆகிறார், புதிதாக வந்தவள் மகள் ஆகிறாள். ஒரு வீட்டில் ஐந்தாறு பேர், ஒரே அடுப்பு. பெற்ற குடும்பம் கைவிட்ட இடத்தில் இந்த அம்மாக்கள் செய்ததை நம் சமூகம் இன்னும் சரியாக மதிக்கவில்லை என்பேன். ஆனால் அந்தக் கூரையும் ஓர் உறவில்தான் நிற்கிறது. அம்மாவோடு சண்டை வந்தால், அம்மா இறந்துபோனால், மகள் மறுபடி வெளியே. அந்த அம்மாவுக்கே வயதாகி வேலை செய்ய முடியாமல் போகும்போது இபிஎஃப் சேமிப்பு இருக்காது. முதியோர் இல்லத்தில் ஆண்கள் பகுதியா பெண்கள் பகுதியா என்று கேட்பார்கள். வீடற்றவர்களுக்கான தங்கும் விடுதிகளிலும் இதே கேள்விதான். ஆண்கள் அறையில் படுக்கப் பயந்து தெருவையே தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. திருநங்கைகளே முன்னின்று நடத்தும் சீட் அறக்கட்டளை கோலாலம்பூரில் இவர்களோடு வேலை செய்கிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான நிஷா அயூப் 2016இல் அமெரிக்க அரசின் துணிச்சல்மிகு பெண்களுக்கான அனைத்துலக விருதைப் பெற்றவர்.

பிறப்பில் பெண் என்று பதிவாகி ஆணாக வாழும் திருநம்பிகளைப் பற்றி இதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. பெண்கள் மட்டும் தங்கும் வீட்டில் அவர்களுக்கு இடமில்லை, ஆண்கள் தங்கும் வீட்டில் பாதுகாப்பில்லை. பெண்ணைக் காதலிக்கும் பெண்களுக்கோ வேறு சிக்கல். இருவரும் ரூம்மேட் என்ற பெயரில் பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து தவணை கட்டியிருப்பார்கள். பத்திரத்தில் ஒருத்தி பெயர்தான் இருக்கும். அவள் இறந்துபோனால் சாவியை வாங்கிக்கொள்ள அண்ணன் வந்து நிற்பான்.

என்ன செய்யலாம்?

பெரிய மாற்றங்கள் அரசாங்கத்தின் கையில் இருக்கின்றன. வாடகைச் சட்டம் வர வேண்டும். அதில் இனம், பாலினம், திருமண நிலை, பாலின அடையாளம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவு இருக்க வேண்டும். பிபிஆர் வாடகை ஒப்பந்தத்தில் கணவன் மனைவி இருவர் பெயரையும் எழுதுவதை வழக்கமாக்கினால் பெரிய செலவில்லாமல் பல பெண்களின் நிம்மதி உறுதியாகும். காப்பகத்துக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவில், ஒன்றிரண்டு வருடம் குறைந்த வாடகைக்குத் தங்கும் வீடுகள் வேண்டும். என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது அதைத்தான். தனியாக வாழ்பவரையும் குடும்பமாக எண்ண வேண்டும்.

நம் கையில் இருப்பவையும் உண்டு. திருமணம் பதிவாகவில்லை என்றால் பதிவுத் துறையில் போய் வழி கேளுங்கள். வீடு வாங்கும்போது பத்திரத்தில் இரண்டு பெயரையும் போடச் சொல்லுங்கள், மணப்பெண்ணின் பெற்றோர் அதைக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. உயில் எழுதச் சொல்லுங்கள். பெற்றவரை விட்டுத் தோழமையோடு வாழ்பவர்களுக்கு உயில் இன்னும் அவசியம். வீட்டுத் தவணைக்கோ பழுதுபார்ப்புக்கோ நீங்கள் பணம் போட்டால் வங்கி வழியாக அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு இல்லாமல் சொந்தத் தொழில் செய்யும் பெண்கள் எஸ்ஜேகேபி எனும் அரசாங்க வீட்டுக்கடன் உத்தரவாதத் திட்டத்தைப் பற்றி வங்கியில் விசாரிக்கலாம். அதற்கு உங்கள் விற்பனைப் பணம் ஒரு வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழுந்துகொண்டிருக்க வேண்டும். நாசி லெமாக் காசை அரிசி டின்னில் போட்டால் வங்கிக்குத் தெரியாது.

வீட்டில் பயத்தோடு வாழ்பவர்கள் ஐசி, பிறப்புப் பத்திரங்கள், திருமணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் படமெடுத்து நம்பிக்கையானவர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். தாலியான் காசே எனும் அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999 இருபத்து நான்கு மணி நேரமும் வேலை செய்கிறது. அடி விழுந்திருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், போலீஸ் புகார் கொடுங்கள், வீட்டில் இருக்கும் உரிமையோடு சேர்த்துப் பாதுகாப்பு ஆணை வேண்டும் என்று சமூக நல இலாகா அதிகாரியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் அதைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லாமலே போகலாம்.